அண்ணனின் பயத்தை ஆடியவன்

எங்கள் வீட்டில் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான். அய்யா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தென்காசி ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். சித்தப்பா பட்டாளத்துக்குப் போய்க் காலில் குண்டு வாங்கித் திரும்பி வந்தவர். அந்தத் தழும்பைக் கல்யாண வீடுகளில் வேட்டியை ஒதுக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். இவர்களுக்கு நடுவில் நான் மாட்டுக்குப் பயந்தேன், இடிக்குப் பயந்தேன், கிணற்றை எட்டிப் பார்க்கப் பயந்தேன். தென்காசிப் பெரிய கோயில் வாசலில், மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே எந்த நேரமும் சுழற்றி அடிக்கிற காற்றுக்குக்கூடப் பயந்தேன். அம்மாவின் சேலையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடப்பேன்.

சித்திரையில் எங்கள் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா நடக்கும். சாமியாடுவது என் பெரியப்பா. மத்தியானக் கொடையில் மேளம் ஏறிக்கொண்டே போகும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது. காலைத்தான் பார்ப்பேன். பாதம் எழும்புவதற்கு முன்னால் அவருடைய கட்டைவிரல் மண்ணை ஒரு தடவை கிள்ளும். அது கிள்ளினால் அடுத்து அவர் பாய்வார். அதற்குள் நான் கூட்டத்துக்குப் பின்னால் ஓடியிருப்பேன். பிற்காலத்தில் மெட்ராஸில் பலர் என்னிடம், ஆட்டத்தை யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பியிருக்கிறேன். பயந்தவனுக்கு மற்றவர்கள் உடம்பைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அய்யாவின் தோள் எப்போது திரும்பும், கை எப்போது ஓங்கும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அய்யா ஒரு சீசனில் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பேரருவியில் நல்ல தண்ணீர். பிடரியைப் பிடித்து என்னை நேராக அருவிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். தலையில் கல்லைக் கொட்டுவதுபோல் இருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது. முழங்கால்கள் தாமாக மடங்கின. கை எதையோ பிடிக்கத் தேடியது. வெளியே இழுத்துவிட்டுக் கேட்டார்.

"பயம் பயம்ங்கியே, அது எங்கனலே இருக்கு? காட்டு பாப்போம்."

நான் வயிற்றைக் காட்டினேன். பிறகு முழங்காலைக் காட்டினேன். பிறகு கழுத்தை. நிஜமாகவே கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "உடம்பு பூராவும் வச்சிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வயது வந்ததும் அய்யா என்னைப் பாளையங்கோட்டைக்குப் போலீஸ் ஆள் எடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். உயரமும் மார்பு அளவும் சரியாக இருந்தன. ஓட்டத்தில் முன்னால் வந்தேன். ஓடுவது எனக்குப் பழக்கம்தானே. கடைசியாகக் கயிறு ஏறச் சொன்னார்கள். ஏறிவிட்டேன். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்ததும் கை கயிற்றோடு இறுகிவிட்டது. இறங்கு என்று கீழேயிருந்து கத்தினார்கள், வைதார்கள். என்னால் ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. கடைசியில் ஒருவர் மேலே ஏறி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார். ரயிலில் தென்காசி வரும்வரை அய்யா பேசவில்லை. அடி விழும் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை என்று பிறகு தோன்றியது.

தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அய்யா எனக்கு இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர் வேலை வாங்கிக் கொடுத்தார். காக்கி நிக்கரும் விசிலும் இருக்கிற வேலை என்பதால் அவருக்கு ஓரளவு சமாதானம். நான் தினமும் தென்காசியிலிருந்து சைக்கிளில் போய்வந்தேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப் போனது. பையன்களை வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்கு, இறக்கு, திரும்பு என்பதுதான் ட்ரில். ஒரே மாதிரி செய்துகொண்டிருப்பது எனக்குச் சலித்தது. முன்வரிசை கையை இறக்கும்போது பின்வரிசை தூக்கினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். பிறகு ஓரத்துப் பையன் தொடங்கி, அடுத்தவன், அடுத்தவன் என்று அசைவை ஓடவிட்டேன். காற்றடித்த நெல் வயல் மாதிரி அது மைதானத்தில் ஓடியது. பையன்களுக்கே ஆச்சரியம். ஹெட்மாஸ்டர் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். புது மாதிரி ட்ரில் என்று மெச்சினார். ஆட்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யார் காதிலும் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலத்துக்குப் போய்ச் சித்திரசபையில் சுவர்களில் எழுதியிருக்கும் உருவங்களின் முழங்கைகளையும் பாதங்களையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் நடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளம் வந்தது.

ஆடி மாதம். அண்ணனுக்கு அன்று டூட்டி இல்லை. குளிக்கப் போவோம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனான். அண்ணன் என்னைவிட நல்ல உயரம். அவன் நடந்து வந்தால் கடைத்தெருவில் பேச்சு குறையும். குத்துவெட்டு நடந்த இடத்துக்கு வெறுங்கையோடு போய் ஆளைப் பிடித்து வந்தவன் என்று அவனுக்கு ஊரில் பெயர். பேரருவியில் அவன் எப்போதும் பாறையோடு ஒட்டி, தண்ணீர் பலமாக விழுகிற இடத்துக்குத்தான் போவான். நான் ஓரத்தில் சாரல் மட்டும் படும்படி நின்று துண்டை நனைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம் மாறியது. அருவியின் இரைச்சலுக்குள் இன்னொரு தாழ்ந்த இரைச்சல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்திலிருந்து குதிக்கிற தண்ணீர் வெள்ளையாக இல்லை, செம்மண் கலந்திருந்தது. அதோடு சருகும் குச்சியும் வந்தன. நான் கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். என்னைப் பார்த்துச் சிலர் ஓடினார்கள். சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் உள்ளேயிருந்து கையை ஆட்டி, 'போலே, போ' என்பதுபோல் சைகை காட்டினான்.

அதற்குள் தண்ணீர் இரண்டு மடங்காகிவிட்டது. ஓடிவர முடிந்தவர்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே அலறல். அண்ணன் இருந்த இடத்தில் பாறை கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். அவன் அதற்குள் சிக்கிக்கொண்டான். அவனுக்கு முன்னால் தண்ணீர் சுவர்போல விழுந்தது. காற்று வேகமாக அடிக்கும்போது அந்தச் சுவர் விலகும், உடனே மூடிக்கொள்ளும். விலகிய நேரத்தில் நான் அவனைப் பார்த்தேன்.

முதுகைப் பாறையோடு அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு காலைச் சின்னப்பிள்ளை மாதிரி மேலே தூக்கி மடக்கியிருந்தான். கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. ஒரு கை முகத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அதில் நான் இல்லை. தண்ணீர் மூடியது. மறுபடி விலகியது. அவன் அதே மாதிரி நின்றான். பாறை நடுங்குகிறதா அவன் நடுங்குகிறானா என்று தெரியவில்லை. தண்ணீர் அவனை விழுங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு தடவை மூடும்போதும் அடுத்து விலகினால் அங்கே ஆள் இருக்கமாட்டான் என்று நினைத்தேன். நானும் ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு நின்றிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் கயிறு கொண்டுவந்து வீசினார்கள். வேகம் சற்று மட்டுப்பட்டபோது அவன் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வாசுதேவநல்லூரிலிருந்து குளிக்க வந்திருந்த ஒரு வியாபாரி வரவில்லை. அவர் மனைவி அவருடைய சட்டையையும் குடையையும் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஆளைக் கீழே ஆற்றில் மறுநாள் எடுத்தார்கள்.

கரைக்கு வந்ததும் அண்ணன் சிரித்தான். இவ்வளவு தண்ணி நான் பார்த்ததே இல்லை என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். அவர்கள் அவன் துணிச்சலைப் பேசினார்கள். ஊருக்கு நடந்து வரும் வழியில் யாரும் இல்லாத இடம் வந்ததும் நின்றான். என்னைப் பார்க்காமலேயே சொன்னான்.

"நீ ஒண்ணும் பாக்கலைலே."

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயப்படுகிறவர்கள் இரண்டு பேர் ஆனோம். மற்றவன் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். ஓட்டில் மழை அடித்தால் அண்ணன் சாப்பாட்டில் கை வைத்தபடி நிறுத்திவிடுவான். அவன் மனைவி, என் மதினி, என்னவென்று கேட்டால் எரிந்து விழுவான். குற்றாலத்துச் சீசன் டூட்டியை யாரிடமோ மாற்றிக்கொண்டான். ஸ்டேஷனில் பிடித்து வருகிறவர்களை முன்னைவிட மோசமாக அடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நான் வீட்டில் வாயைத் திறந்தாலே அவன் கண் என் பக்கம் வரும். அய்யாவிடம் பயந்தது போதாதென்று இப்போது அவனிடமும் பயந்தேன். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் என்னை ஏதாவது செய்துவிடுவான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆனால் அவன் பாறையில் நின்ற நிலை என்னை விடவில்லை. சைக்கிளில் போகும்போது கழுத்து தானாகத் தோளுக்குள் இறங்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. பள்ளி விட்ட பிறகு அங்கே போய் ஒரு மரத்தில் முதுகை அழுத்திக்கொண்டு, காலைத் தூக்கி மடக்கி, அண்ணன் நின்ற மாதிரி நின்று பார்த்தேன். ஏன் செய்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அப்படி நின்றபோது பயம் குறையவில்லை. கூடியது. ஆனால் முதல்தடவையாக அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. குதிகாலில் தொடங்கி, கெண்டைக்காலில் ஏறி, இடுப்பில் தங்கி, மேலே வந்தது. அந்த வழியிலேயே மெதுவாக உடம்பை நகர்த்தினேன். அது ஓர் அசைவாயிற்று. அடுத்த நாள் இன்னொன்று சேர்ந்தது. அந்த வியாபாரியின் மனைவி ஒதுங்கி ஒதுங்கி நின்றது வந்தது. நான் ஓடியது வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் வந்தார்கள்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் ஒன்று கட்டி முடித்தார்கள். சீசனுக்காகக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த ஒரு பெரிய அதிகாரி திறந்துவைக்க ஒப்புக்கொண்டார். விழாவுக்கு ஒரு நல்ல ட்ரில் வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். நான் 'வெள்ளக் காட்சி' என்று ஒன்று செய்கிறேன் என்றேன். வெள்ளத்தில் ஜாக்கிரதையாக இருப்பது பற்றித்தானே, நல்லது என்று சொல்லிவிட்டார்.

பெரிய வகுப்புப் பையன்களைத் தோப்பில் வைத்துப் பழக்கினேன். அவர்கள்தான் தண்ணீர், அவர்கள்தான் கூட்டம். வெள்ளத்தின் சத்தத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். ஒரு சாயங்காலம் தோப்புக்காரர் காய்ந்த தென்னை ஓலைகளைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அருவிக்குள் இன்னொரு இரைச்சலாக நான் கேட்டது அதேதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கையில் ஓலைகளைக் கொடுத்து, மேடைக்குப் பின்னால் முதலில் மெதுவாகவும் பிறகு ஓடியும் இழுக்கச் சொன்னேன். பாறையில் சிக்கியவன் வேஷத்தை எந்தப் பையனாலும் செய்ய முடியவில்லை. காலைத் தூக்கினால் சிரித்துவிட்டான்கள். அதனால் அதை நானே செய்வது என்றாயிற்று. அண்ணனுக்கு இது தெரியப்போவதில்லை, விழா இலஞ்சியில் நடக்கிறது, அவன் டூட்டி தென்காசியில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா அன்று மைதானத்தில் பந்தல் நிறையக் கூட்டம். அதிகாரியின் கார் வந்து நின்றது. அதற்கு முன்னால் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் ஓரமாக வரிசைகட்டினார்கள். சிவப்புத் தலைப்பாகையும் கையில் லத்தியுமாக, கடைசியில் நின்றவன் என் அண்ணன்.

ஹெட்மாஸ்டரிடம் போய் எனக்குக் காய்ச்சல், இந்த அயிட்டத்தை எடுத்துவிடலாம் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை போ என்றார். பாறையில் நிற்கிறவன் இல்லாமல் ஆடுங்கள் என்று பையன்களிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிரார்த்தனைப் பாட்டு முடிந்துவிட்டது. பின்னால் பிள்ளைகள் ஓலையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டத்துக்கு மேலாக அண்ணனைப் பார்த்தேன். அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. தண்ணீரைத் தேடுகிறவன்போல் வானத்தைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான்.

பையன்கள் ஓடினார்கள், சிதறினார்கள், சேர்ந்து சுவராக நின்றார்கள். சுவர் விலகும்போது நான் தெரிய வேண்டும். விலகியது. பந்தல் தூணில் முதுகை அழுத்தி, காலைத் தூக்கி மடக்கி, ஒரு கையைத் தலையில் வைத்து நின்றேன். தோப்பில் பழகியதெல்லாம் போய்விட்டது. முழங்கால் நிஜமாகவே உதறியது. பற்கள் அடித்துக்கொண்டன. தண்ணீருக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றான். இந்தத் தடவை பாறையில் இருந்தது நான், கரையிலிருந்து பார்த்தது அவன். சுவர் மூடும், விலகும். ஒவ்வொரு தடவையும் அவன் அங்கேயே நின்றான். அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது அவனால் இடத்தை விட்டு அசைய முடியாது. நானும் ஆட்டத்தை விட்டு இறங்க முடியாது. பந்தலில் சத்தமே இல்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்பியது கேட்டது. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர்களும் பயந்துவிட்டார்கள். கடைசியில் கயிற்றை வீச வேண்டிய பையன் வீச மறந்து நின்றான். ஓலைச் சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் கை தட்டினார்கள்.

அண்ணன் அதிகாரியின் காரோடு போய்விட்டான்.

எனக்கு முன்னால் செய்தி தென்காசிக்குப் போயிருந்தது. ஏட்டையா மகன் மேடையேறி ஆடினான் என்று கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார்கள். அய்யா என்னை வாசலிலேயே நிறுத்தினார். கூத்தாடிக்கு இந்த வீட்டில் இலை போடமாட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அம்மா என்னைப் பின்பக்கமாக அழைத்து, அடுப்படியில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அய்யா சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அண்ணன் வருவான் என்பதுதான் மனதில் இருந்தது. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். ஊரை விட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வந்தான். யூனிபாரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, வேட்டியும் பனியனுமாக என் முன்னால் வந்து நின்றான்.

"ஏலே, வா. ஆத்துப் பக்கம் போவோம்."

சிற்றாற்றில் அப்போது நிறையத் தண்ணீர். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன். அவன் பிடரியையும் கைகளையும் பார்த்துக்கொண்டே போனேன். கை ஒரு தடவை இறுகினாலும் ஓடிவிடுவது என்று இருந்தேன். அது இறுகவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆற்றங்கரையில், துவைக்கிறவர்கள் இருக்கிற இடத்தைத் தாண்டி, ஒரு மருதமரத்துக்குக் கீழே நின்றான். தண்ணீருக்குப் பக்கத்தில் போகவில்லை. தள்ளியே நின்றான்.

ஆற்றைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான் அப்படியாலே நின்னேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கால் சரி. கழுத்தும் சரியாத்தான் இருக்கும், எனக்குத் தெரியல. கை அங்கன இல்ல." என் தலையைத் தொட்டான். "நீ தலையில வச்சிருந்தே. தலையில இல்ல. இங்கன."

மருதமரத்தில் முதுகைச் சாய்த்தான். வலது கையை மடக்கி வாய்க்குள் வைத்துக் கடித்தான். கண் அகலமாகத் திறந்தது. ஒரு கால் தானாக மேலே வந்தது. என் அண்ணன், கடைத்தெருவில் நடந்து வந்தால் பேச்சு குறைகிறவன், அந்த மரத்தடியில் எனக்காக இன்னொரு தடவை அந்தப் பாறையில் நின்றான். அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பாதி செய்து காட்டுவதாகத்தான் தொடங்கியிருப்பான். அது அவனைப் பிடித்துக்கொண்டது. நான் போய் அவன் தோளைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தான். விரல்களில் பல் பதிந்திருந்தது.

"அம்மான்னு கத்திருவேனோன்னு இருந்துது. ஒனக்குக் கேட்டுரும்லா. அதான் கடிச்சிக்கிட்டேன்" என்றான்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். ஓட்டில் மழை விழுந்தால் தனக்கு என்ன ஆகிறது என்று அன்று அவன் சொன்னான். ஸ்டேஷனில் பயந்தவனைப் பார்த்தால் கை தானாக ஓங்குகிறது என்றும் சொன்னான். அவன் என்னிடம் அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த விழாவுக்கு வந்திருந்தவர்களில் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் இருந்தார். புதுவகை நடனங்கள் தயார் செய்து மேடையேற்றுகிற குழு ஒன்றை நடத்தி வந்தார். ஆட்களோடு சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார். ஹெட்மாஸ்டர் மூலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இதை எங்கே கற்றேன் என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். பிறகு, நான் நிஜமாகப் பயந்தேனா என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, ஆமாம் என்றேன்.

"என்கிட்ட இருக்கிறவங்க எல்லாரும் நல்லா ஆடுவாங்க" என்றார் அவர். "பயம்னா கண்ணை உருட்டத் தெரியும், கையை நடுக்கத் தெரியும். பயப்படத் தெரியாது. நீங்க வந்து சொல்லிக்கொடுக்கிறீங்களா?"

பயத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருவன் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒப்புக்கொண்டுவிட்டு வெளியே வந்ததும் வாந்தி எடுத்தேன்.

அய்யா வழியனுப்ப வரவில்லை. உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பித்தளைத் தூக்கில் புளியோதரை கொடுத்தாள். அண்ணன்தான் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். ரயில் நகரும்போது, கையை வாயில் வைக்க மறந்துடாதே என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் என்னவோ சாப்பிட மறக்கிற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

மெட்ராஸில் முதல் இரண்டு வருஷங்கள் தினமும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். குழுவில் இருந்தவர்கள் முத்திரை பிடித்தால் அழகாக இருக்கும். நான் நின்றால் ட்ரில் மாஸ்டர் மாதிரி இருக்கும். முதுகுக்குப் பின்னால் விசில் அடிப்பான்கள். ஆனால் அந்த வெள்ளத்தை நாங்கள் மேடையேற்றியபோது, கையை வாயில் கடித்துக்கொண்டு நான் நின்ற இடத்தில், இலஞ்சியில் வந்த அதே அமைதி வந்தது. பிறகு என்னை நடனங்கள் அமைக்கச் சொன்னார்கள். யுத்தம் வந்தது. குண்டு விழும் என்று மெட்ராஸே காலியானபோது, வண்டிகளிலும் ரயில்களிலும் மூட்டைகளோடு ஜனங்கள் முண்டியதைப் பார்த்து ஒன்று செய்தேன். அரிசிக் கடை வரிசையில் நிற்கிற பெண்களை வைத்து ஒன்று செய்தேன். எல்லாவற்றிலும் பயந்தவர்கள்தான் இருந்தார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாது. சிலர் புகழ்ந்து எழுதினார்கள். சிலர் இது நாட்டியமே இல்லை, பார்த்தால் காய்ச்சல் வருகிறது என்று எழுதினார்கள். அப்படியானால் திட்டி எழுதினவர்களுக்கும் பயம் தொற்றியிருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்லிச் சிரித்தார்.

அய்யா கடைசிவரை என் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் இறந்தபோது ஊருக்குப் போனேன். கொள்ளி வைக்கிற இடத்தில் உறவுக்காரர் ஒருவர் கூத்தாடி தள்ளி நிற்கட்டும் என்றார். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் தள்ளிப் போய் நின்றார்.

யுத்தம் முடிகிற சமயத்தில், கோர்ட்டில் ஒரு வழக்குக்குச் சாட்சி சொல்ல அண்ணன் மெட்ராஸ் வந்தான். என்னுடைய அறையில்தான் தங்கினான். முன்னந்தலை வழுக்கையாகி, தொப்பை விழுந்து, ஏட்டையா என்று கூப்பிடவைக்கிற தோரணை வந்திருந்தது. அன்று எங்களுக்கு நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒத்திகைக்கு வருகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். சமுத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றான்.

சாயங்காலம் டிராமில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நேராக நடந்தான். ஈர மணல் தொடங்குகிற இடம் வந்ததும் நின்றுவிட்டான். அலை வந்து, அவன் காலுக்கு முன்னால் ஒரு முழம் விட்டுத் திரும்பிப் போனது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. அவன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். நானும் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிக் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள்.

"நீ வேணா போய்க் காலை நனைச்சிட்டு வா. நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன்" என்றான்.

எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, சுண்டல் விற்கிறவனைக் கைதட்டிக் கூப்பிட்டான்.